சிறைக்குப் பின் இருபத்து நான்கு ஆண்டுகள்
வ. உ. சிதம்பரம்பிள்ளையின் வாழ்வில் அதிகம் அறியப்படாத பகுதி

ஒரு சமுதாயம் தன் தலைவர்களை நினைவிற்கொள்ளும் முறை விசித்திரமானது. அவர்தம் வாழ்வு முழுவதையும் அது நினைவிற்கொள்வதில்லை. தனக்கு வேண்டிய ஓரிரு காட்சிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றையே வாழ்வெனக் கொண்டு, எஞ்சியவற்றை மறந்துவிடுகிறது. தூத்துக்குடி வ. உ. சிதம்பரம்பிள்ளையின் வரலாற்றில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம். அவர் பெயரைக் கூறியவுடன் இரு காட்சிகள் எவர் மனத்திலும் தோன்றும். ஒன்று கடலிற் செல்லும் சுதேசிக் கப்பல். மற்றொன்று சிறைக்கூடத்திற் செக்கிழுக்கும் மனிதர். ம. பொ. சிவஞானம் எழுதிய வரலாற்று நூலும், 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் திரைப்படமும் இவ்விரு காட்சிகளையும் தமிழ் மக்கள் உள்ளத்தில் அழியாதவாறு பதித்துவிட்டன.

எனினும் காலக்கணக்கினை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சிதம்பரம்பிள்ளை 1872 செப்டெம்பர் 5இற் பிறந்து 1936 நவம்பர் 18இல் மறைந்தார். அறுபத்து நான்கு ஆண்டுகள் நீண்ட இவ்வாழ்விற் கப்பற் கம்பனி முயற்சியும் அதனையொட்டிய அரசியற் கிளர்ச்சியும் நிகழ்ந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்தது. சிறைவாசம் ஏறத்தாழ நான்கே முக்கால் ஆண்டு. சிறையினின்று மீண்ட பின் அவர் வாழ்ந்த காலமோ இருபத்து நான்கு ஆண்டுகள். இந்த நீண்ட காலத்தில் அவர் யாது செய்தார் என்ற வினா அதிகம் எழுப்பப்படுவதில்லை. விடாமுயற்சி என்னும் பண்பினை அவர் வாழ்விலிருந்து கற்க விரும்புவோர் இக்காலப் பகுதியைத்தான் முதலில் நோக்குதல் வேண்டும். வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கையோடு முயல்வது எளிது. வெற்றி கைவிட்டுப் போன பின்னரும், பாராட்டுவோர் எவருமிலாத நிலையிலும் முயல்வதே அரிது.

கடற்பாதையும் கம்பனியும்

திருநெல்வேலி மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தில் வழக்கறிஞர் உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்த சிதம்பரம்பிள்ளை தாமும் வழக்கறிஞர் தேர்விற் சித்தியடைந்து, முதலில் ஒட்டப்பிடாரத்திலும் பின்னர் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். பொலிசாரின் கொடுமைக்குட்பட்ட ஏழைகளுக்காக வாதாடியமையால் அதிகாரிகளின் பகைமையும் மக்களின் அன்பும் அவருக்கு ஒருங்கே கிடைத்தன. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவருடன் அவருக்கு நெருங்கிய தொடர்பிருந்தது. அரசியலுக்கு வருமுன்னரே அவர் தமிழ்ப் பற்றும் சைவப் பற்றும் மிக்கவராக விளங்கினார் என்பது இங்குக் கருத்திற் கொள்ளத்தக்கது. பிற்காலத்து அவர் தமிழ்ப்பணி திடீரெனத் தோன்றியதன்று.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடற்பாதை இருநாட்டுப் பொருளியலிலும் முக்கிய இடம் வகித்தது. இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளரும் கொழும்பிற் கடை வைத்திருந்த வணிகரும் அவர்தம் சரக்குகளும் இப்பாதை வழியாகவே பெருமளவிற் சென்றனர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடர்வண்டியோடு இணைந்த கப்பற்சேவை 1914இலேயே தொடங்கிற்று. அதற்கு முன் தூத்துக்குடிப் பாதையின் முதன்மை இன்னும் மிகுதியாயிருந்தது. இப்பாதையில் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனி ஏகபோக உரிமை செலுத்தி வந்தது. தூத்துக்குடியில் அதன் முகவராக விளங்கியது ஹார்வி நிறுவனம். அந்நகரின் கோரல் நூற்பாலையும் அதே நிறுவனத்தின் ஆட்சியிலிருந்தது. கப்பற் போட்டியும் ஆலை வேலைநிறுத்தமும் தம்முள் தொடர்பற்ற நிகழ்ச்சிகள் அல்ல என்பதனை இச்செய்தி உணர்த்தும்.

1906 ஒக்டோபர் 16இற் சுதேசி நீராவிக் கப்பற் கம்பனி பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அது ஒவ்வொன்றும் இருபத்தைந்து ரூபா பெறுமதியான நாற்பதாயிரம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், சிதம்பரம்பிள்ளை துணைச் செயலாளராகவும் அமைந்தனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பார் தனியொருவராக எண்ணாயிரம் பங்குகளை, அஃதாவது இரண்டு இலட்சம் ரூபாவுக்கு, ஏற்றார். சாதி சமய வேறுபாடின்றி வணிகர் பலர் இம்முயற்சியில் இணைந்தனர்.

தொடக்கத்திற் கம்பனிக்கெனச் சொந்தக் கப்பல் இருக்கவில்லை. பம்பாய்க் கம்பனியொன்றிடம் வாடகைக்குப் பெற்ற கப்பலும், ஆங்கிலக் கம்பனியின் நெருக்குதலால் மீளப் பெறப்பட்டது. அந்நிலையிற் சிதம்பரம்பிள்ளை நாடிய இடம் கொழும்பு. அங்கிருந்து வாடகைக்குப் பெற்ற கப்பலைக் கொண்டு சேவை நின்றுவிடாது காத்தார். பின்னர் பம்பாய் சென்று முயன்றதன் பயனாக 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் கம்பனிக்குச் சொந்தமாயின. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணம் செய்யலாம். 4,000 மூடை சரக்கு ஏற்றலாம்.

ஆங்கிலக் கம்பனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, ஈற்றிற் பயணிகளைக் கட்டணமின்றி ஏற்றிக் குடையும் வழங்க முன்வந்ததென வரலாற்றாசிரியர் கூறுவர். பெருமூலதனமுடைய நிறுவனம் நட்டத்தைச் சிலகாலம் தாங்கிக்கொள்ளும். சிறு நிறுவனம் தாங்காது. போட்டியாளன் வீழ்ந்த பின் பழைய கட்டணத்தை மீண்டும் விதிக்கலாம் என்பதே இதன் உட்கிடை. நாட்டுப்பற்று ஒன்றே இத்தகைய விலைப்போரினை நெடுங்காலம் வெல்லப் போதுமானதன்று என்பதைக் கம்பனியின் பின்னைய வரலாறு காட்டிற்று.

கைதும் தண்டனையும்

1907 டிசெம்பரிற் சூரத்தில் நடைபெற்ற காங்கிரஸ் மகாநாட்டிற் சிதம்பரம்பிள்ளை திலகரின் அணியில் நின்றார். அடுத்த ஆண்டு பெப்ரவரி இறுதியிற் கோரல் ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வும் வார ஓய்வும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கினர். வேலைநிறுத்தம் தொழிலாளருக்குச் சாதகமாகவே முடிந்தது. இந்திய மண்ணில் தொழிற்சங்கங்கள் முறையாகத் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னர் இது நிகழ்ந்தது என்பது கவனத்திற்குரியது.

விபின சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடும் ஏற்பாடுகளையொட்டி 1908 மார்ச் 12இற் சிதம்பரம்பிள்ளை கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். யூலை 7இல் நீதிபதி பின்ஹே, அரச நிந்தனைக்கு ஒன்றும், சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்கு ஒன்றுமாக இரண்டு ஆயுட்காலத் தண்டனைகளை அவருக்கு விதித்தார். ஒரு சொற்பொழிவாளருக்கு விதிக்கப்பட்ட இத்தண்டனை இலண்டனிலும் அதிர்ச்சியை ஏற்படுத்திற்று. இந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் மோர்லி பிரபு, அரசப் பிரதிநிதி மின்றோவுக்கு எழுதிய கடிதத்தில் இத்தண்டனையை ஏற்கவியலாதெனக் கண்டித்ததோடு, மிதமிஞ்சிய கடுமை ஒழுங்குக்கு வழியன்று, வெடிகுண்டுக்கே வழி எனவும் எச்சரித்தார். மேன்முறையீட்டிற் சிதம்பரம்பிள்ளையின் தண்டனை ஆறாண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

சிறையில் நிகழ்ந்த கல்வி

கோயம்புத்தூர்ச் சிறையில் முதலிற் சணல் நார் உரிக்கும் இயந்திர வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. கைத்தோல் உரிந்து குருதி பெருகியமையால், அதனினும் கொடிய செக்கிழுக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். மாட்டின் இடத்தில் மனிதரை வைத்த இக்கொடுமை பலரும் அறிந்ததே. அதிகம் அறியப்படாதது, அதே சிறையில் அவர் மேற்கொண்ட கல்வி முயற்சி.

கோயம்புத்தூரிலும், 1910 டிசெம்பருக்குப் பின் கண்ணனூரிலும் இருந்த காலத்தில் அவர் மூன்று பணிகளைச் செய்தார். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் அலனின் நூல்களைத் தமிழாக்கத் தொடங்கினார். ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்பன அவ்வாறு உருவானவை. வெண்பாக்களும் பிற செய்யுள்களும் இயற்றினார். தொல்காப்பியத்தையும் பழைய உரைகளையும் ஊன்றிக் கற்றார்.

ஜேம்ஸ் அலனின் நூல்கள் மனிதனின் புறநிலை அவன் அகநினைவினின்றே விளைகிறது என்னும் கருத்தினை வற்புறுத்துவன. விலங்கிட்டுச் செக்கிற் பூட்டப்பட்ட ஒருவர் இக்கருத்தினைத் தேர்ந்து மொழிபெயர்த்தார் என்பது சிந்தனைக்குரியது. வசதியான நாற்காலியிலமர்ந்து இதனைக் கூறுவோர் பலர். புறநிலை முழுவதும் பிறர் கையிலிருந்த வேளையில் அகநிலையேனும் தம் ஆட்சியில் இருத்தல் வேண்டுமென அவர் கருதினார் போலும். மொழிபெயர்ப்பு அவருக்குப் பொழுதுபோக்கன்று. உயிர் தரிக்கும் உபாயமாயிற்று.

‘மெய்யறம்’ என்னும் அறநூலின் தோற்றமும் இங்கு நினைக்கத்தக்கது. கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகள் அவரிடம் அறநூற் பாடம் கேட்கத் தலைப்பட்டனர். அவர்தம் பொருட்டு எளிய சிற்றடிகளில் எழுந்ததே இந்நூல். மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகளாக அமைந்த நூற்றிருபத்தைந்து அதிகாரங்கள் கொண்டது, 1914இல் அச்சேறியது. குற்றவாளிகளெனச் சமுதாயம் ஒதுக்கியோரை மாணவராகக் கொண்டு எழுந்த அறநூல் என்ற வகையிலும், முதற் பகுதியே மாணவர்க்குரியதாக அமைந்த வகையிலும் இது தமிழ் அறநூல் மரபிற் குறிப்பிடத்தக்க இடத்தைப் பெறுகிறது.

விடுதலையும் வெறுமையும்

1912 டிசெம்பரிற் சிதம்பரம்பிள்ளை விடுதலையானார். வெளியே அவரை எதிர்கொண்டது வெற்றிக் கோலாகலமன்று, முழுமையான இழப்பு. கப்பற் கம்பனி 1911இலேயே கலைக்கப்பட்டுக் கப்பல்கள் கைமாறியிருந்தன. வழக்கறிஞர் உரிமைப்பத்திரம் பறிக்கப்பட்டிருந்தது. தமையனின் தண்டனைச் செய்தி கேட்ட இளையவர் மீனாட்சிசுந்தரம் மனநோயுற்று மீளாதவரானார். சொந்த மாவட்டத்தில் வாழ அனுமதி கிட்டவில்லை. அரசியற் சூழலும் மாறியிருந்தது. 1911 யூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் துரை சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, திருநெல்வேலிப் பகுதியிற் சுதேசிக் கிளர்ச்சி கடுமையாக நசுக்கப்பட்டது. திலகர் மண்டலைச் சிறையிலிருந்தார். பாரதியார் புதுச்சேரியிற் புகலடைந்திருந்தார். கூட்டம் கலைந்த பின் மேடையில் தனித்து நின்ற மனிதராகச் சிதம்பரம்பிள்ளை காணப்பட்டார்.

குடும்பத்தோடு சென்னைக்குச் சென்ற அவர் சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் முதலிய இடங்களில் மாறி மாறி வாழ்ந்தார். கடை நடத்தினார், சிறு வணிகங்கள் செய்தார். ஒன்றேனும் நிலைக்கவில்லை. ஒருகாலத்தில் இலட்சக்கணக்கிற் பங்குப் பணம் திரட்டியவர் அன்றாடச் செலவுக்கு நண்பரை நாட வேண்டியவரானார்.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று அண்மைக்கால ஆய்வுகளால் விரிவாக வெளிப்பட்டுள்ளது. தென்னாபிரிக்காவில் வாழ்ந்த தமிழர், சிறைமீண்ட தலைவரின் துன்பநிலை கேட்டுத் தம்முட் பணம் சேர்த்தனர். அப்பணம் காந்தியடிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1915இற் காந்தியடிகள் சென்னை வந்தபோது சிதம்பரம்பிள்ளை அவரைச் சந்தித்தார். அதன் பின் இருவருக்குமிடையே நீண்ட கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. பணம் பற்றிய குறிப்புகளைத் தேடிப் பெறுவதிற் காலம் கழிந்தது. ஈற்றில் 1916இன் தொடக்கத்தில் 347 ரூபாவும் 12 அணாவும் சிதம்பரம்பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்தன.

இந்நிகழ்ச்சியை இரு பெருந்தலைவர்களுக்கிடையே எழுந்த பிணக்காகச் சித்திரிப்பது பொருந்தாது. நாடெங்கும் அலைந்து கொண்டிருந்த காந்தியடிகளின் பணிச்சுமையும், தொகையளித்தோர் வாழ்ந்த நாட்டின் தொலைவும் தாமதத்தை விளைவித்தன. இங்குக் கவனிக்கத்தக்கது சிதம்பரம்பிள்ளை அக்கடிதங்களிற் காட்டிய பண்பு. அவர் தம் வறுமையை மறைக்கவில்லை. அதனைக் காட்டி இரக்கவும் இல்லை. பிறர் தரும் பணத்தை வேண்டாமெனக் கூறத்தக்க நிலையில் தாம் இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டு, தமக்கெனச் சேர்க்கப்பட்டது தம்மை வந்தடைதல் வேண்டும் என்பதை மட்டும் மரியாதையுடன் நினைவூட்டினார். தன்மானம் என்பது தேவையை மறுப்பதன்று. தேவையிலும் நிமிர்ந்து நிற்பதே என்பதற்கு இது சான்றாகும்.

பதிப்பாசிரியர் சிதம்பரனார்

இந்த வறுமையின் நடுவேதான் அவர் தமிழிலக்கியப் பதிப்புப் பணியை மேற்கொண்டார். 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைப் பதிப்பித்தார். குறளுக்குப் பரிமேலழகர் உரையே உரையென மதிக்கப்பட்ட அக்காலத்தில், அதனினும் முற்பட்ட உரையொன்றை வாசகர் கையிற் சேர்த்தமை, குறளை வேறொரு கோணத்தில் நோக்கும் வாய்ப்பினை நல்கியது.

தொல்காப்பியப் பணி இதனினும் பெரிது. நச்சினார்க்கினியரின் உரையைப் பயின்ற அவர், அதன் கடின நடை பொதுவாசகரைத் தொல்காப்பியத்தினின்று விலக்கி வைக்கிறதென உணர்ந்தார். எளிய நடையில் தாமே ஓர் உரை எழுத எண்ணித் தொடங்கினார். அப்பொழுது இளம்பூரணர் உரை அவர் பார்வைக்கு வந்தது. தொல்காப்பிய உரைகளுள் மிகப் பழையதாகிய அவ்வுரை, தாம் விழைந்த எளிமையை ஏற்கனவே பெற்றிருப்பதைக் கண்டதும், தம் உரையைக் கைவிட்டு அதனை வெளிக்கொணரத் துணிந்தார். தமக்கு வரக்கூடிய உரையாசிரியர் என்ற பெருமையைப் பழைய ஆசிரியர் ஒருவரின் பொருட்டுத் துறந்த இச்செயல், புலமையுலகில் அடிக்கடி நிகழ்வதன்று.

1928இல் எழுத்ததிகாரம் இளம்பூரணர் உரையுடன் அவர் பதிப்பாக வெளிவந்தது. 1930களிற் பொருளதிகாரப் பகுதிகள் தொடர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரும், தமிழ் ஆராய்ச்சித் துறையிற் புகழ்பெற்றவருமான எஸ். வையாபுரிப்பிள்ளை இப்பணியில் அவருக்குத் துணைநின்றார். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கல், பாடவேறுபாடுகளை ஆராய்ந்து துணிதல், அச்சுப்படிகளைத் திருத்துதல் ஆகியன பொறுமையையும் காலத்தையும் பணத்தையும் விழுங்குவன. பல்கலைக்கழகப் பதவியோ, மடத்தின் ஆதரவோ, நிலையான வருவாயோ இல்லாத ஒருவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதனைத் தளராது செய்தார்.

அவர் முயற்சிகள் யாவும் குறைபாடற்றவை என்பதில்லை. ‘இன்னிலை’ என்னும் நூலைப் பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த பழைய நூலென நம்பி அவர் உரையுடன் வெளியிட்டார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனைப் பிற்காலத்துப் போலி நூலென முடிவுசெய்தனர். பழைய நூல்களின்பால் கொண்ட ஆர்வம் ஆராய்ச்சிக் கண்ணைச் சிலவேளை மறைத்துவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஆயின் அவர் மரபினைக் கண்மூடி ஏற்பவரும் அல்லர். 1935இல் வெளிவந்த தம் அறத்துப்பால் உரையிற் கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை என்னும் முதல் மூன்று அதிகாரங்கள் வள்ளுவர் வாக்கல்ல என்ற துணிவான கருத்தினை முன்வைத்தார். உறுதியான சைவராகிய அவர், கடவுள் வாழ்த்தையே ஐயுற்றமை அவர்தம் அறிவுநேர்மையைக் காட்டும். அதே ஆண்டிற் சிவஞானபோதத்துக்கும் அவர் உரை வெளிவந்தது.

அரசியலில் ஒதுங்கலும் மீள்தலும்

சென்னையில் வாழ்ந்த காலத்தில் அவர் தொழிலாளர் இயக்கத்திலும் ஈடுபட்டார். 1920இற் கல்கத்தாவில் நடைபெற்ற காங்கிரசின் சிறப்பு மகாநாட்டிற் பங்குபற்றினார். ஆயின் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் திலகரின் மாணவராகிய அவருக்கு உடன்பாடாகவில்லை. பெருவாரியான மக்கள் செல்லும் திசையில் தாமும் சென்றிருப்பின் இழந்த புகழை மீட்டிருக்கலாம். உடன்படாத கொள்கைக்கு உடன்பட்டவர்போல் நடிக்க விரும்பாது காங்கிரசினின்று ஒதுங்கினார். 1927இல் மீண்டும் காங்கிரசிற் சேர்ந்து, சேலத்தில் நடைபெற்ற அரசியல் மகாநாட்டிற்குத் தலைமை வகித்தார். அங்கு ஆற்றிய உரை ‘எனது அரசியற் பெருஞ்சொல்’ என நூலாயிற்று. அரசியலிலும் அவர் விட்டுச் செல்லத் தயங்கவில்லை. திரும்பி வரவும் வெட்கவில்லை.

வழக்கறிஞர் உரிமைப்பத்திரத்தை மீளப் பெற்ற வரலாறும் குறிப்பிடத்தக்கது. 1908இல் திருநெல்வேலியில் அவர் மீதான வழக்கின் தொடக்க விசாரணையோடு தொடர்புகொண்டிருந்த வாலஸ் என்னும் ஆங்கில அதிகாரி, பின்னாளில் உயர்நீதிமன்றத்திற் பதவி வகித்தபோது, அவ்வுரிமையை மீட்டுக் கொடுக்கக் காரணராயினார். நன்றி மறவாத சிதம்பரம்பிள்ளை தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துத் தம் வாழ்வையே இழந்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் மகனுக்கு இட்டமை முரண்பாடாகத் தோன்றலாம். ஆட்சிமுறை வேறு, தனிமனிதரின் நற்பண்பு வேறு என்னும் தெளிவே அதற்குக் காரணம். துன்பம் அவர் உள்ளத்திற் கசப்பினை விளைவிக்கவில்லை.

மீண்டும் கொழும்பு

உரிமைப்பத்திரம் கிடைத்த பின் கோவிற்பட்டியிலும், 1932 முதல் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். இடைவெளி நீண்டுவிட்டமையால் வழக்குகள் பெருகவில்லை, வருவாயும் பெருகவில்லை. இக்காலத்தில் அவர் வாழ்வு மீண்டும் இலங்கையோடு இணைந்தது. 1930இற் கொழும்பில் தொடங்கப்பட்ட ‘வீரகேசரி’ நாளிதழ், திலகரின் வாழ்க்கை வரலாற்றை அவரைக் கொண்டு எழுதுவித்து, 1933ஆம் 1934ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்டது. நெடுங்காலம் இதழ்த் தாள்களிற் புதைந்து கிடந்த அத்தொடர், எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கழிந்த பின்னரே ஆய்வாளரின் முயற்சியால் நூலுருவம் பெற்றது.

இச்செய்தியின் பொருளை ஈழத்து வாசகர் எளிதில் உணர்வர். 1906இல் எந்தக் கடலைத் தம் நாட்டவர் கப்பலிற் கடக்க வேண்டுமென அவர் விரும்பினாரோ, அதே கடலுக்கு அப்பாலுள்ள நகரத்தின் பத்திரிகையே அவருடைய முதுமைக்கால எழுத்துக்கு இடமளித்தது. தம் அரசியல் ஆசானின் வரலாற்றை எழுதும் கடமையை அறுபது வயதைக் கடந்த பின் அவர் நிறைவேற்றினார். அவ்வெழுத்துக்கு முதல் வாசகராயினோர் இலங்கைத் தமிழ் மக்கள். அவர் தம் வாழ்வின் பகுதிகளைச் செய்யுள் வடிவில் எழுதிய ‘சுயசரிதை’யும் அவர் மறைவுக்குப் பின், 1946இலேயே நூலாக வெளிவந்தது.

1936 நவம்பர் 18இல், தம் விருப்பப்படியே, தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் எழுதி வைத்த உயிலிற் சொத்துக்களின் பட்டியலினும் கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன்களின் பட்டியலே உள்ளத்தைத் தொடுவது. கடனை மறைக்காது எழுதி, அதனைத் தீர்க்கும் வழியையும் சிந்தித்த அந்நேர்மை, காந்தியடிகளுக்கு எழுதிய கடிதங்களில் வெளிப்பட்ட அதே நேர்மையாகும்.

உணரத்தக்கவை

இவ்வாழ்வினின்று பெறத்தக்க பாடங்களை மிகைப்படுத்தாது கூறுதல் வேண்டும். விடாமுயற்சி எப்பொழுதும் வெற்றி தரும் என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. கப்பற் கம்பனி வீழ்ந்தது, வணிகங்கள் நிலைக்கவில்லை, செல்வாக்கு திரும்பவில்லை. முயற்சி திருவினையாக்கும் என்ற வாய்பாட்டினுள் இவ்வாழ்வை அடக்கிவிட இயலாது.

முதலாவதாக, விடாமுயற்சி வேறு, பிடிவாதம் வேறு என்பதை அவர் வாழ்வு விளக்குகிறது. கப்பல் இனி இல்லை என்றான பின் அவர் கப்பலையே நினைத்துக் காலம் கழிக்கவில்லை. கருவி மாறிற்று, நோக்கம் மாறவில்லை. தம் மக்கள் தம் உடைமைகளைத் தாமே ஆளுதல் வேண்டும் என்பதே கம்பனியின் நோக்கம். தொல்காப்பியமும் குறளும் பண்டிதர் சிலரின் தனியுடைமையாக இராது, எளிய உரைகளோடு அனைவரையும் அடைதல் வேண்டும் என்ற பதிப்பு நோக்கமும் அடிப்படையில் அதுவே.

இரண்டாவதாக, கல்வி ஓய்வு கிடைத்தோர்க்கே உரியது என்னும் எண்ணத்தை அவர் பொய்ப்பித்தார். சிறையிலும் வறுமையிலும் நோயிலும் அவர் படித்தார், எழுதினார், பிறர்க்குக் கற்பித்தார். நூலகமும் விரிவுரை மண்டபமும் வாய்க்கப்பெற்ற தலைமுறையினர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

மூன்றாவது பாடம் தலைவருக்குரியதன்று, சமுதாயத்துக்குரியது. தலைவரின் தியாகத்தை மனைவியும் மக்களும் உடன்பிறந்தாரும் சேர்ந்தே செலுத்துகின்றனர். மீனாட்சி அம்மாள் நடத்திய குடும்பத்தின் கதையும், மனநோயுற்ற தம்பியின் கதையும் எந்தச் சிலையின் பீடத்திலும் பொறிக்கப்படுவதில்லை. கப்பலுக்குப் பங்குப் பணம் தந்த கைகள், கப்பலை விட்டவர் சிறைமீண்டபோது அவரைத் தாங்கத் தவறின. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் இழுத்த செக்கு நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. இவை நன்றே. ஆயின் நினைவுச் சின்னம் எழுப்புதல் எளிது. உயிரோடிருக்கும் வேளையில் ஒருவரின் கடன் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளுதலே கடினம்.

சுதேசிக் கப்பல் கடலில் ஓடிய காலம் குறுகியது. அவர் பதிப்பித்த இளம்பூரணர் உரையோ இன்றும் தமிழ் பயிலும் மாணவர்க்குத் துணைசெய்கிறது. தொல்காப்பியத்தைக் கையிலெடுக்கும் மாணவர், பதிப்பாசிரியரின் பெயர் காணப்படும் பக்கத்தையும் ஒருமுறை நோக்குவாராயின், சிறைக்குப் பின் கழிந்த அந்த இருபத்து நான்கு ஆண்டுகள் வீணாகவில்லை என்பதை உணர்வார்.